நல்ல படம் எடுத்தும் வாடிக்கையாளருக்கு ஏன் திருப்தி இல்லை?

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன், வயது 24. ஓராண்டாகக் கமெராவும் கையுமாகத் திரிந்துவிட்டு, இப்போதுதான் பணம் வாங்கிப் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் வேலை வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்த பூப்புனித நீராட்டு விழா. "படங்கள் வடிவாகத்தான் இருக்கின்றன, ஆனால் தாய்மாமன் தேங்காய் உடைத்த படமே இல்லையே" என்று பிள்ளையின் அம்மா வருத்தப்பட்டார். சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகளும் விழுந்திருந்தன. இரண்டாவது, செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை. தங்கம் பித்தளைபோல் தெரிகிறது என்று முதலாளி மீதிப் பணத்தைத் தராமல் வைத்திருக்கிறார். இப்போது ஒரு கல்யாண வேலை கேட்டு வந்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா, இன்னும் பயிற்சி எடுத்துவிட்டு வருவதா?

பதில்: பயிற்சிக்காக வேலையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை, தங்கச்சி. நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் இரண்டு வெளிச்சம் பற்றியவை. காரணம் தெரிந்துவிட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேங்காய் உடைத்த படம் விடுபட்டதுதான் பெரிய குறை. அது கமெராவால் வந்ததும் அல்ல.

அந்த விழாவின் படங்கள் இன்னும் உங்களிடம் இருந்தால், ஒதுக்கித் தள்ளியவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் நேர வரிசையில் கணினியில் விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு படமும் எடுத்த நேரம் நொடிக் கணக்கில் பதிவாகியிருக்கும். தண்ணீர் வார்க்கும் சமயத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள், எந்த லென்ஸ் மாட்டியிருந்தீர்கள், எதை நோக்கிக் கமெராவைத் திருப்பியிருந்தீர்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். பெரும்பாலும் பிள்ளையின் முகத்தில் வழியும் நீரை நெருங்கி எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அந்தப் படங்கள் அழகாகவும் இருக்கும். ஆனால் அதே நேரத்தில் நான்கு அடி தள்ளித் தாய்மாமன் தேங்காயை ஓங்கினார். அது ஒரு முறைதான் உடையும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் இப்படி உட்கார்ந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கிக் கொள்ளுங்கள். எந்தப் படம் நன்றாக வந்தது என்று பார்ப்பதைவிட, எந்த நேரத்தில் எங்கே நிற்காமல் போனோம் என்று பார்ப்பதில்தான் அதிகம் கற்கலாம்.

விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வீட்டுக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பணம் தருகிற அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பக் கூடாது. சடங்கின் ஒழுங்கு முழுவதும் அம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோதான் இருக்கும். என்ன வரிசையில் நடக்கும், யார் எதைச் செய்வார்கள், ஆலாத்தி எடுப்பவர்கள் யார் யார், வெளிநாட்டிலிருந்து யார் வருகிறார்கள், வர முடியாமல் கனடாவிலோ லண்டனிலோ இருந்து படத்தை எதிர்பார்ப்பவர்கள் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உறவுகளை முகம் பார்த்து அடையாளம் காட்டி, மேடைக்குக் கூப்பிட்டு விட ஒரு சித்தியையோ மச்சாளையோ அன்று உங்கள் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். தாய்மாமன் குடும்பம் அல்பத்தில் இல்லை என்பது நம் வீடுகளில் சின்ன விடயம் அல்ல. வருடக்கணக்கில் பேச்சு நிற்கும் அளவுக்குப் போகக்கூடியது.

அடுத்தது கறுப்புப் பட்டைகள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மண்டபத்து டியூப் விளக்குகளிலும் மலிவான எல்இடி விளக்குகளிலும் வெளிச்சம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/500 நொடி போன்ற வேகத்தில், அதிலும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால், படத்தின் ஒரு பகுதி வெளிச்சம் ஏறும்போதும் மறு பகுதி இறங்கும்போதும் பதிவாகி, பட்டை விழும். மண்டபத்துக்குள் எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்திவிட்டு 1/100 அல்லது 1/50இல் எடுங்கள். கமெராவில் ஃபிளிக்கர், அதாவது இந்த வெளிச்சத் துடிப்பைக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவையுங்கள். மேடைக்குப் பின்னாலுள்ள எல்இடி திரைகளும் மங்க வைத்த அலங்கார விளக்குகளும் வேறு வேகத்தில் துடிக்கக்கூடும் என்பதால், விழா தொடங்குமுன் சில படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

நகை விடயத்தில் முதலாளி சொல்வது நியாயம்தான். அவர் விற்பது நிறத்தை. 22 கரட்டின் மஞ்சள் படத்தில் வராவிட்டால் அவருக்கு அந்தப் படத்தால் பயனில்லை.

நிறம் பிசகுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டிருந்தால், படம் நிறைய மஞ்சளாக இருப்பதைக் கண்டு விளக்கு மஞ்சள் என்று அது கணக்குப் போட்டு, நீலத்தைக் கூட்டிச் சமப்படுத்தப் பார்க்கும். தங்கம் வெளிறும். சாம்பல் நிற அட்டை ஒன்றை நகை இருக்கும் இடத்திலேயே வைத்து அளவெடுத்தால் இது தீரும். கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு, கூரையில் வெள்ளை டியூப், வாசலிலிருந்து பகல் வெளிச்சம் என்று மூன்றும் கலந்திருந்தால் எந்த அளவும் பொருந்தாது. மற்றவற்றை அணைத்துவிட்டு ஒரே விளக்கில் எடுங்கள். அந்த விளக்கும் மலிவானதாக இருந்தால் சிவப்பைச் சரியாகக் காட்டாது, தங்கம் செத்துப்போகும். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு சிஆர்ஐ. அது 95 அல்லது அதற்கு மேல் என்று குறித்திருப்பதை வாங்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெருகேற்றிய வளையல் எதிரே இருப்பதை எல்லாம் தன் மேல் வாங்கிக்கொள்ளும். உங்கள் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். டியூப் விளக்கின் கோடு, பச்சைச் சுவர், கமெரா பிடித்த உங்கள் கை எல்லாம் வளைவில் தெரியும். நகையைச் சுற்றி எண்ணெய்த் தாளால் ஒரு சின்னக் கூடாரம் கட்டி, விளக்கை அதற்கு வெளியே வையுங்கள். வெளிச்சம் பரவி மென்மையாகும். ஆனால் சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் தங்கம் தட்டையாகத் தெரியும். விரலகலத்தில் ஒரு கறுப்பு அட்டைத் துண்டை நகையின் ஒரு பக்கமாக நிறுத்துங்கள். அதன் பிரதிபலிப்பு தங்கத்தின் ஓரத்தில் கோடாக விழுந்ததும் உருவம் எழுந்து வரும். அந்தத் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பெரிய பாடம். கமெராவைத் தாங்கியில் பொருத்தி, லென்ஸின் துவாரத்தை f/8க்கும் f/11க்கும் இடையில் வையுங்கள். எல்லாம் தெளிவாக வரட்டும் என்று f/22 வரை சுருக்கினால் படம் முழுவதுமே மங்கலாகும்.

அந்த முதலாளியிடம் மீதிப் பணத்தைக் கேட்க வேண்டாம். ஒரே ஒரு நகையை இப்படி மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று கேளுங்கள். படத்தை அவருடைய கைபேசியில் திறந்து, நகையைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அவர் சரி என்ற பிறகு மற்றவற்றை எடுங்கள். இனி எந்தக் கடை வேலையானாலும் முதல் படத்துக்கு ஒப்புதல் வாங்காமல் இரண்டாவது படத்துக்குப் போகாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பூப்புனித நீராட்டு விழாப் படங்களை உங்கள் விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படங்களுக்கும் பதிப்புரிமை தருகிறது என்பது உண்மை. ஆனால் படத்தில் இருப்பது ஒரு சிறுமி. ஈர உடையில், உறவுகளுக்கு நடுவில் நிற்கிற பிள்ளை. பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்தாலும், பிள்ளையிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். முகத்தில் தயக்கம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம்: எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், எந்தத் திகதியில் கொடுப்பது, முற்பணம் எவ்வளவு, படங்களை யார் எங்கே பயன்படுத்தலாம்.

கல்யாண வேலையைத் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டாம். தாலி கட்டுவதும் ஒரு முறைதான். அந்த நொடியில் மெமரி கார்ட் பழுதானாலோ யாராவது குறுக்கே வந்தாலோ மறுபடி எடுக்க வழியில்லை. கேட்டு வந்தவர்களிடம் உள்ளதைச் சொல்லி, அனுபவமுள்ள ஒருவரை முதன்மையாக வைத்து நீங்கள் இரண்டாமவராக வருவதாகச் சொல்லுங்கள். வருமானம் குறையும், அதைப் பார்க்க வேண்டாம். தாலி கட்டும் நேரத்துக்கு எவ்வளவு முன்பே அந்த அனுபவசாலி மணவறையருகே இடம் பிடிக்கிறார், ஐயரிடம் என்ன பேசி வைக்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் கமெராவில் இரண்டு கார்ட் போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியுமாறு அமையுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்கும்வரை கார்டை அழிக்காதீர்கள். ஏசி மண்டபத்திலிருந்து வாசலுக்கு ஓடும்போது கொழும்பின் ஈரக் காற்றில் லென்ஸ் உடனே பனித்துவிடும். தம்பதியரை வழியனுப்பும் படம் உங்கள் பொறுப்பென்றால், சற்று முன்பே கமெராவைப் பையோடு வெளியே கொண்டுபோய், மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.