கடல் உயிரியலையும் பொருளாதாரத்தையும் சேர்த்து நானே ஒரு மேஜர் (பட்டப் படிப்பின் முதன்மைப் பாடம்) வடிவமைக்க முடியுமா? (ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து பிளஸ் டூ மாணவி)

அமெரிக்காவில் முடியும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேலட்டின் பள்ளி 1972 முதல் இதற்கென்றே இருக்கிறது. பல இடங்களில் தலைப்பு, பாடப் பட்டியல், வழிகாட்டும் பேராசிரியர் என்று திட்டம் எழுதிக் கொடுத்தால் குழு பார்த்து ஒப்புதல் தரும்.

தலைப்பில்தான் பலர் வழுக்குவார்கள். 'கடலும் சமூகமும்' என்றால் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம், எடுபடாது. பாம்பன் பக்கம் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்து பாசி என்னும் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் உள்ள கட்டுப்பாடு வருமானத்தை என்ன செய்கிறது? இப்படிக் கேள்வியாக வையுங்கள். பாசியியல், வனச் சட்டம், பொருளாதாரம், கொஞ்சம் புள்ளியியல் (இதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள்) எல்லாம் தானாக வந்து நிற்கும். உங்கள் கேள்விக்கு ஒரே துறை போதுமென்றால் அதிலேயே சேரச் சொல்வார்கள், அது நியாயமும்கூட.

சரி, நம் ஊரில்? 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) அனுமதிக்கிறது: விலங்கியலைக் கல்லூரியிலும் பொருளாதாரத்தைத் தொலைநிலையிலும் படிக்கலாம்.