பரணில் கிடக்கும் பாட்டு: இசைத்தட்டு, ஸ்பூல், கேசட் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் முப்பது வருடத்துக்கு மேலாகப் பழைய கர்நாடக இசைப் பதிவுகளைத் தேடிச் சேர்த்து வருகிறேன். வித்வான்களின் பழைய பதிவுகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்த வரைக்கும் பதில் எழுதுகிறேன்.

சோழவந்தானிலிருந்து: தாத்தா வீட்டுப் பரணில் நாற்பது கிராமபோன் பிளேட்டுகள் கிடைத்தன. தூசியும் பூஞ்சையுமாக இருக்கின்றன. எப்படித் துடைப்பது?

முதலில், ஸ்பிரிட் பாட்டிலைத் தூரமாக வையுங்கள். சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் ஆகாது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்தத் தட்டு அரக்கில் செய்தது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். நான் சேர்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு வீணைத் தட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தபோது அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். போனது தட்டின் மேல்தோல். அந்தத் தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பாட்டுத்தான் இல்லை.

பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டரில் மென்மையான சோப்புத் திரவம் இரண்டு சொட்டு போதும். மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே, வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே வேண்டாம். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை. நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். நம்மூர் வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

காய்ந்ததும் புத்தகம் அடுக்குவது போல நிற்க வைத்து அடுக்குங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் பாரம் தாங்காமல் அடித்தட்டு விரிசல் விடும். லேபிளுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் பொறித்திருக்கும் எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். லேபிள் உரிந்து போனாலும் அந்த எண் இருந்தால் பாடியவர் யார் என்று கண்டுபிடிக்கலாம்.

திருமங்கலத்திலிருந்து: எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) இருக்கிறது. என்ன விலை போகும்?

அதிகம் போகாது. 1963-இல் வந்தது. அச்சிட்ட பிரதிகள் ஏராளம், பக்தியோடு தேய்ந்தவையும் ஏராளம். விற்காமல் வைத்துக் கேளுங்கள். நான் விலை சொல்பவன் இல்லை.

உசிலம்பட்டியிலிருந்து: எங்கள் வீட்டுச் சாவி கொடுக்கும் கிராமபோன் இன்னும் ஓடுகிறது. அதிலேயே போட்டுக் கேட்கலாமா?

விசேஷ நாளில் ஒரு தட்டு போட்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதுவும் இரண்டு மூன்று பிரதி உள்ள தட்டாக இருக்கட்டும். ஊசி மாட்டும் அந்த சவுண்டு பாக்ஸின் எடை நூறு கிராமுக்கு மேல். எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். மழுங்கிய ஊசி ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தை உழுதுகொண்டே போகும். பதிவெடுக்க மின்சார டர்ன்டேபிள்தான் சரி. 78-க்கென்று தனி ஊசி கேட்டு வாங்குங்கள். அதன் முனை எல்.பி. ஊசியைப் போல மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இரைச்சலைத்தான் பாடும்.

கே.கே. நகரிலிருந்து: பெரியப்பா 1960-களில் பதிவு செய்த ஸ்பூல் (டேப் சுருள்) ஒன்று இருக்கிறது. 'ம.மணி' என்று மட்டும் எழுதியிருக்கிறது. போட்டால் குரல் கொஞ்சம் கீச்சென்று வருகிறது. மதுரை மணி ஐயர்தானா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். மணி ஐயர் 1968-இல் மறைந்தார். இன்று நாம் அவரை அறிவது பெரும்பாலும் ரசிகர்கள் கச்சேரியில் எடுத்த டேப்புகளால்தான். மூன்றரை நிமிடத் தட்டில் அந்தக் கற்பனை ஸ்வரங்களின் பிரவாகம் எப்படி அடங்கும்? உங்கள் பெரியப்பா செய்த காரியம் பெரிது.

டேப்பை இனி வீட்டில் ஓட்டாதீர்கள். முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை வந்தால் அது அசிடேட் டேப், சிதைய ஆரம்பித்துவிட்டது. மற்ற டேப்புகளிலிருந்து பிரித்து வைத்து, சீக்கிரம் படி எடுக்க வேண்டும்.

கீச்சென்று வருவதற்குக் காரணம் வேகமாக இருக்கலாம். மின்சாரத்தில் எடுத்த பதிவில் பெரும்பாலும் அடியில் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த இரைச்சலும் 50-இலோ 100-இலோ வர வேண்டும். கணினியில் பார்க்கும்போது 53 என்று காட்டினால் டேப் நூற்றுக்கு ஆறு வேகமாக ஓடுகிறது, அதாவது சுருதி அரைக் கட்டை (ஆர்மோனியத்தில் அடுத்த ஸ்வரம் வரையுள்ள மிகச் சிறிய படி) ஏறிவிட்டது. பாடுபவரின் காலத்து மின்சாரமே நமக்குச் சுருதிப் பெட்டியாக நிற்கிறது.

அப்புறம், பெட்டி மேல் எழுதியதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் பெரியம்மா இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த சபா, எந்தக் கோயில், வயலின் யார், மிருதங்கம் யார், மழை பெய்ததா என்பது வரை. ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். யார், எங்கே, எப்போது என்று தெரியாத பதிவு தாய் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை மாதிரி. எத்தனையோ அருமையான தனி ஆவர்த்தனங்கள் (தாள வாத்தியம் மட்டும் தனியாக ஒலிக்கும் பகுதி) வாசித்தவர் பெயரில்லாமல் என்னிடமே கிடக்கின்றன.

திருநகரிலிருந்து (வயலின் ஆசிரியர்): நாடகப் பாடகர் கிட்டப்பாவின் தட்டுகள் 78-இல் ஓடினால் ஐந்து கட்டைக்கு மேல் போகின்றன. மனிதக் குரல் அப்படி இருக்காது. நான் ஒரு கட்டை இறக்கிக் கேட்கிறேன், இயல்பாக இருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் திருத்த வேண்டும்.

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. ஐந்திலிருந்து நான்குக்கு இறக்க 78-ஐ 69½ ஆக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் இருபத்திரண்டு வினாடி ஆகும். வேகமாக உருளும் பிருகாவெல்லாம் சேற்றில் கால் வைத்தது போல இழுபடும். 'ழ'வையும் 'ற'வையும் கேளுங்கள், நாக்கு தடித்துப் போயிருக்கும். 1933-இல் மறைந்தவர் அவர். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டியிருந்தது. அந்த உயரம் தொழிலுக்குத் தேவையான உயரம். நம் காது இன்று மைக்குக்குப் பழகிவிட்டது.

அவரே மறுபடியும்: அந்தக் காலத்து எந்திரங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று நீங்களே சொல்வீர்கள். பிறகு 78 மட்டும் என்ன வேதவாக்கா?

வேதவாக்கு இல்லை. கொலம்பியாவின் பழைய தட்டுகளில் 80 என்று அச்சிட்டதும் உண்டு. 78-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் அரைக் கட்டையில் பாதிகூட இல்லை. ஒரு முழுக் கட்டை தவறு வேண்டுமென்றால் பதிவெடுத்தவர் காது கேளாதவராக இருந்திருக்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான பாரி நாயனத்தைப் பரவலாக்கி நாதஸ்வரத்தின் சுருதியையே கீழே கொண்டுவந்தவர். அவர் தட்டுகள் 78-இல் கீழேதான் ஒலிக்கின்றன. எந்திரம் எல்லோரையும் ஏற்றிவிட்டது என்றால் அவரையும் ஏற்றியிருக்க வேண்டுமே?

மேலூரிலிருந்து (மிருதங்கம் வாசிப்பவர்): அண்ணே, கம்பெனி வேறு, வருடம் வேறு. அதை வைத்து இதை நிரூபிக்க முடியாது. மிருதங்கத்தையும் பாடுபவர் சுருதிக்குத்தானே சேர்ப்போம், அதை வைத்தும் பிடிக்க முடியாது.

தம்பி சொல்வது நியாயம். ராஜரத்தினம் பிள்ளை உதாரணத்தைத் திரும்பப் பெறுகிறேன். வேறு வழி இருக்கிறது. ஒரே பாடகர் ஒரே காலத்தில் ஒரே கம்பெனிக்குக் கொடுத்த தட்டுகளை வரிசையாகப் போட்டு, ஆர்மோனியத்தின் ஸட்ஜத்தை (ஆதார ஸ்வரமான 'ஸ'வை) அளந்து பாருங்கள். ஆர்மோனியக் கட்டை பாடகருக்காக வளையாது. பத்துத் தட்டில் எட்டு ஒரே இடத்தில் நின்று இரண்டு மட்டும் விலகினால், அந்த இரண்டையும் எட்டோடு சேருங்கள். அந்த அளவுக்குத் திருத்தலாம். திருநகர் ஐயா, அரைக் கட்டைக்குள் தவறு இருக்கலாம் என்றால் உங்களோடு உட்கார்ந்து அளக்கத் தயார். காதுக்கு இதமாக இருக்கிறது என்பதற்காக ஒரு கட்டை இறக்கினால், அது கிட்டப்பா இல்லை. திருத்தியதைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தின் மேல் கை வைக்காதீர்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து: பிளேட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

வேண்டாம். சோழவந்தான்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விளாங்குடியிலிருந்து: கைப்பேசிச் செயலி ஒன்று இரைச்சலைச் சுத்தமாக எடுத்துவிடுகிறது. எல்லாவற்றையும் அதில் போட்டு எம்பி3 ஆக்கிவிட்டேன். சரிதானே?

இரைச்சலோடு தம்புராவும் போயிருக்கும், வயலின் வில்லின் உரசலும் போயிருக்கும். மூலம் இன்னும் இருந்தால் மறுபடியும் எடுங்கள்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு, எதையும் நீக்காமல். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஜிபி ஆகும், ஆகட்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீடுகளில் வையுங்கள்.

பழங்காநத்தத்திலிருந்து: காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை பாடியது கிடைக்குமா?

கிடைக்காது. அவர் தட்டில் பாடவில்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: பழைய தட்டுகளை யூடியூபில் போடலாமா?

ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான மறுவருடத்திலிருந்து அறுபது ஆண்டு. 1960-இல் வெளியான தட்டுக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. பாட்டை இயற்றியவரின் உரிமை தனி. தியாகராஜர் கீர்த்தனை என்றால் கவலையில்லை. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்ததால் அவர் பாடல்களுக்கு 2033 முடிய உரிமை உண்டு. கச்சேரியில் எடுத்த டேப் வேறு விஷயம். வித்வானின் குடும்பத்தாரைக் கேட்காமல் நான் வெளியிடுவதில்லை.

சிம்மக்கல்லிலிருந்து: இரண்டு எல்.பி. இருக்கிறது, விலை...

அடுத்த கேள்வி.

அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து: அப்பா மைக் செட் போட்டவர். திருவிழாக்களில் மதுரை சோமு பாடியதை எடுத்த கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை. தூக்கிப் போடலாம் என்கிறார்கள்.

தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. வெளியில் பலருக்கு சோமு என்றால் 'தெய்வம்' படத்தில் வந்த 'மருதமலை மாமணியே'தான். கோயில் கச்சேரியில் நள்ளிரவு தாண்டியும் ஜனம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க, அவர் தாளமில்லாமல் பாடும் விருத்தத்தில் ராகம் ராகமாக இறங்கி வருவார். அதைத் தட்டுக் கம்பெனி எதுவும் பிடிக்கவில்லை. உங்கள் அப்பா மாதிரி ஆட்கள்தான் பிடித்தார்கள்.

பூஞ்சை உள்ளதை டெக்கில் போடாதீர்கள், மற்ற கேசட்டுக்கும் ஒட்டும். தனித்தனி உறையில் போட்டு, பெட்டியை ஈரமில்லாத அறையில் வையுங்கள். அப்பாவிடம் ஒவ்வொன்றையும் காட்டி எந்த ஊர்த் திருவிழா என்று கேட்டு இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வருகிறேன். கேசட்டின் திருகைக் கழற்றி டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றத் தெரியும், கருவியெல்லாம் கொண்டுவருகிறேன். அப்பா வீட்டில் இருக்கும் நேரம் மட்டும் சொல்லுங்கள்.