பேசிக்கொண்டிருந்தவருக்கு ஏன் ஷாக் வந்தது?

கேள்வி: தாராவியில் வசிக்கிறோம். கொதிக்கும் குழம்பு கொட்டி என் மாமியாருக்குக் கழுத்தும் நெஞ்சும் வலது கையும் வெந்துவிட்டன. மருத்துவமனைச் சீட்டில் ‘இரண்டாம் டிகிரி, 20 சதவீதம், ஷாக் வரலாம்’ என்று எழுதியிருந்தார்கள். அவரோ தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் ஒருவர் சொன்னதை நம்பி நர்சிங் ஹோமுக்கு மாற்றினோம், இரவில் மயங்கிவிட்டார். ஏன்?

பதில்: தீக்காயத்தில் முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவது ஆபத்து இல்லை என்பதற்கு அடையாளமாகாது. தோல் வெந்ததும் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து கொப்புளத்திலும் வீக்கத்திலும் தேங்குவதால், ஓடும் ரத்தத்தின் அளவு குறைந்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலையையே அந்தச் சீட்டில் ஷாக் என்று குறித்திருக்கிறார்கள். கை கால் சில்லிடுவதும், நாடி விரைவதும், சிறுநீர் குறைவதும் முதலில் தெரியும். ரத்த அழுத்தம் பிறகுதான் விழும்.

கொப்புளம் எழும் ஆழம் இரண்டாம் டிகிரி. சதவீதம் என்பது உடல் பரப்பில் வெந்த பங்கு. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, ஏறத்தாழ 1 சதவீதம். மின்சாரக் காயத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. மின்சாரம் நுழைந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் சிறு கருமை மட்டுமே தெரியலாம். உள்ளே தசை வெந்திருக்கும், இதயத் துடிப்பு தடுமாறும், தசையிலிருந்து கரைந்து வருவது சிறுநீரகத்தை அடைத்துவிடும். ஆகவே மின்சாரம் தாக்கியவரைச் ‘சின்னக் காயம்தான்’ என்று வீட்டுக்கு அழைத்துப் போகவே கூடாது.

உங்கள் மாமியாருக்குத் தேவைப்பட்ட முதல் மருந்து டிரிப்ஸ். 60 கிலோ எடையும் 20 சதவீதக் காயமும் உள்ளவருக்கு முதல் 24 மணி நேரத்தில் சுமார் 4.8 லிட்டர் ரிங்கர் லாக்டேட் (டிரிப்ஸில் ஏற்றும் ஒரு வகை உப்புக் கரைசல்) என்று கணக்கிட்டு, அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள்ளும் மீதியை அடுத்த 16 மணி நேரத்திலும் ஏற்றுவதாக வைத்து, சிறுநீர் வரும் அளவைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொடுப்பார்கள். அந்த 8 மணி நேரம் குழம்பு கொட்டிய நொடியிலிருந்து எண்ணப்படுகிறது. இடமாற்றத்தில் டிரிப்ஸ் நின்றிருந்தாலோ குறைந்திருந்தாலோ, இரவில் வந்த மயக்கத்துக்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

வாசலில் நிற்கும் தரகர்கள் ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குபவர்கள். ‘இங்கே யாரும் கவனிக்கமாட்டார்கள்’ என்ற ஒரே வசனத்தை எல்லாரிடமும் சொல்கிறார்கள். சீட்டில் நாலு சொல் கிறுக்கிக் கொடுத்துவிட்டு, அதை உறவினருக்கு விளக்க ஓர் ஆளைக்கூட நிறுத்தாத நிர்வாகம்தான் அந்த வசனத்தை நம்ப வைக்கிறது. இது மன்னிக்க முடியாத அலட்சியம். நீங்கள் ஏமாந்ததற்கு உங்களை மட்டும் குறை சொல்லமாட்டேன்.

இனி யாருக்கேனும் மாற்ற நேர்ந்தால், சிகிச்சை தரும் மருத்துவரே எழுதிக் கொடுக்க வேண்டும்; போகும் இடத்தில் தீக்காயப் பிரிவில் படுக்கை இருப்பதைத் தொலைபேசியில் அவரே உறுதி செய்ய வேண்டும்; வழியிலும் டிரிப்ஸ் ஓட வேண்டும். 108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது. கையில் காயம் என்றால், வீங்குவதற்கு முன்பே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவை இறுகி விரல்களுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும்.