மாத்திரைக்குப் போகும் வழி

அன்புள்ள ஐயா,

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அன்று நடைப்பயணமும் உணவுச் சந்தையும் நடத்துகிறோம். சேரும் பணத்தை, ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் செவிலியராக இருக்கும் எங்கள் ஊர் அக்கா வழியாக, அங்கே எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். ‘நம் ஊரில் ஏழைகளே இல்லையா?’ என்று இந்த ஆண்டு பலர் கேட்கிறார்கள். சென்ற ஆண்டு வசூலில் பாதி மேடைக்கும் பனியனுக்கும் போய்விட்டது. மெல்லிசைக் குழுவை அழைத்தால் வசூல் கூடுமா? எங்கள் துண்டறிக்கையையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்துகள் நின்ற செய்தியைப் படித்துவிட்டுப் பழைய நினைவொன்றில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

ஊர் ஏழைகளைப் பற்றிக் கேட்பவர்களில் எத்தனை பேர் அந்த ஏழைகளுக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அதற்குமேல் அந்தக் கேள்விக்கு மதிப்பில்லை. எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் ஓராண்டுக் கூட்டு மருந்துக்கு 10,000 டாலருக்கும் மேல் விலை சொல்லப்பட்ட காலத்தில், 2001-இல், அதை 350 டாலருக்குத் தருகிறேன் என்று முன்வந்தது நம் நாட்டு சிப்லா நிறுவனம். ஆப்பிரிக்காவின் நோய் நமக்கு அந்நியமானதன்று.

ஆனால், பிள்ளைகளுக்கென்று கேட்டு வாங்கிய பணத்தில் பாதியைப் பனியனில் அச்சடித்தீர்களே, கணக்கு எழுதும் கைக்கு அது கூசவில்லையா? துண்டறிக்கையில் ‘உயிர்க்கொல்லி நோய்’ என்று வேறு போட்டிருக்கிறீர்கள். மாத்திரையைத் தவறாமல் உட்கொள்பவர் மற்றவர்களைப் போல வாழ்ந்து முதுமை அடைகிறார். அந்தச் சொல்லை இன்றே அடித்துவிடுங்கள்.

தவறாமல் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டில் இருந்த பெண் ஒருத்தி, பச்சைத் தேயிலை பறிப்பவள், மாதந்தோறும் விடியற்காலைப் பேருந்தில் கோவைக்குப் போய் மாத்திரை வாங்கிவருவாள். ஊட்டியில் வாங்கினால் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்ற அச்சம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; மேட்டுப்பாளையம் சாலை அறுந்தது. அப்போதுதான் அவள் என் மனைவியிடம் வாய் திறந்தாள். மஞ்சள்தூள் டப்பாவுக்குள் மாத்திரைகள் குலுங்கிச் சத்தம் கேட்காதிருக்கப் பஞ்சு அடைத்திருந்தாள். பஞ்சை எடுத்து எண்ணிக் காட்டினாள்: ஆறு. காலையும் இரவும் ஒவ்வொன்றாக உட்கொள்ள வேண்டியதை, வழி திறக்கும்வரை வரட்டும் என்று, இரவுக்கு மட்டுமாகக் குறைத்திருந்தாள். இடைவெளி விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்று அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் சாலையை அவள் என்ன செய்வாள்? வழி திறந்த பிறகும் இரண்டு நாள் போகவில்லை. மழையில் வேலை இல்லாததால் பேருந்துக்குக் காசில்லை. மருந்து இலவசம், தம்பி. 2004 முதல் அரசு இலவசமாகவே தருகிறது. அதை வாங்கப் போகும் வழிக்குத்தான் எவரும் வசூல் செய்வதில்லை.

நீங்கள் உதவும் லெசோத்தோவும் மலைநாடுதான். அந்நாட்டில் 1,000 மீட்டருக்குக் கீழே ஓரடி நிலமும் கிடையாது. வயதுவந்தோரில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று. மேட்டுக் கிராமங்களிலிருந்து நடந்தும் குதிரையிலும் மருத்துவ நிலையத்துக்கு வருகிறார்கள். அனாதையான பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்த மலையில் இறங்குபவள் பெரும்பாலும் பாட்டிதான். டிசம்பரில் ஒருமுறை மொத்தமாகப் போகும் பணம் மார்ச் மாதத்துப் பயணத்துக்கு மிஞ்சுமா? உங்கள் பத்து நண்பர்களும் மாதச் சீட்டுப் போல ஆளுக்கு நூறு ரூபாய் கட்டி, அதை வழிச்செலவுக்கென்றே எழுதி அனுப்புங்கள். நடைப்பயணம் நடக்கட்டும், இட்லியும் விற்கட்டும், மேடை வேண்டாம்.

அந்த அக்காவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: தொலைவான கிராமத்திலிருந்து ஒரு பாட்டியும் ஒரு பிள்ளையும் வந்து திரும்ப என்ன செலவாகும்? அந்த வழிச்செலவு ஒன்று மாதந்தோறும் என் கணக்கில் இருக்கட்டும்.