தறிச் சத்தத்தில் ஜாஸ்

கேள்வி: வீட்டில் ஒரு பெட்டி பழைய கேசட் கிடக்கிறது. ஜாஸ் மாதிரி ஏதாவது செய்யலாமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: தாராளமாக. வீட்டார் குரல் உள்ளதில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள். வேறொன்றின் திருகைக் கழற்றி, நாடாவில் 24 செ.மீ. வெட்டி, முனைகளை முட்டவைத்துப் பின்பக்கம் ஒட்டி, ஒரு சக்கரத்தையும் உருளைகளையும் சுற்றி மாட்டினால், நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிற கணக்கில் ஐந்து நொடிக்கொரு முறை அதே சத்தம் திரும்ப வரும். உங்கள் தெருவின் தறிச் சத்தத்தையே பதியுங்கள். ஏற்காடு பஸ் கொண்டை ஊசி வளைவில் அடிக்கும் ஹாரனும் சரிதான். அப்புறம், ரெக்கார்டரில் பழைய பதிவை அழிக்கும் ஹெட்டை அட்டைத் துண்டால் மறைத்தால், பழையது கொஞ்சம் மங்கினாலும் போகாது, புதியது மேலேறும். ஜாஸ் எங்கே என்கிறீர்களா? சுற்றுவது சுற்றட்டும், அதன்மேல் நீங்கள் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வாசியுங்கள்; அங்கேதான் ஜாஸ். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் டியோ மாசெரோவும் டேப்பை வெட்டி ஒட்டியவர்தான்.