கோடையில் செர்மாட்: முதியவரும் கைக்குழந்தையும் எவ்வளவு உயரம் வரை செல்லலாம்?

கேள்வி: நாங்கள் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் வசிக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் என் அப்பாவுடன் ஜூலை மாதத்தில் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலையூரான செர்மாட்டில் தங்கி ஓய்வெடுக்க எண்ணியுள்ளோம். அப்பாவுக்கு வயது 67. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரைகள் எடுக்கிறார். முழங்கால் வலியும் உண்டு. 6 வயது மகளுக்குக் குளிர்காற்று பட்டால் வீசிங் வரும். மகனுக்கு 11 மாதம். எங்களில் யாருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. கேபிள் காரில் ஏறி மலைகளைப் பார்த்து வருவதுதான் திட்டம். உயரத்தால் யாருக்கேனும் ஆபத்து உண்டா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் திட்டம் நல்ல திட்டம், தயங்காமல் செல்லுங்கள். ஆனால் செர்மாட்டில் தங்குவதையும், அங்கிருந்து கேபிள் காரில் மேலே ஏறுவதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஊர் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம்தான் குறைவு என்பதால், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் முதியவரும் நலமாக இருக்கும் குழந்தையும் அங்கே உறங்குவதில் கவலைப்பட ஏதுமில்லை. கவனம் தேவைப்படுவது மேலே உள்ள நிலையங்களில்தான். பல்சக்கர ரயில் செல்லும் கோர்னர்கிராட் 3,089 மீட்டர் உயரம். கேபிள் கார் சென்று சேரும் கிளைன் மேட்டர்ஹார்ன் நிலையமோ 3,883 மீட்டர். கடைசியாகச் சொன்ன இடத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 62 சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது. மலையேறுபவர்கள் பல நாட்கள் உடலைப் பழக்கி அடையும் உயரத்தை, இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடுகிறோம் என்பதை உங்கள் வீட்டார் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

உயர நோய் எனப்படும் தலைவலி, குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல், அதுவும் சென்று சேர்ந்து பல மணி நேரம் கழித்தே தோன்றும். இரவில் எந்த உயரத்தில் உறங்குகிறோம் என்பதே முக்கியம். மேலே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பி உறங்குபவருக்கு அந்நோய் வருவது அரிது. எனவே அதற்கான தடுப்பு மாத்திரை உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் மூச்சு வாங்குவதும், படியேறும்போது நெஞ்சு படபடப்பதும் சென்று சேர்ந்த சில நிமிடங்களிலேயே தொடங்கலாம்.

உங்கள் தந்தையாருக்கு என் ஆலோசனை இது: முதல் இரண்டு நாட்கள் ஊரிலேயே மெதுவாக நடந்து பழகட்டும், மூன்றாம் நாள் சுன்னெகாவுக்குச் செல்லலாம். சுமார் 2,290 மீட்டர் உயரமுள்ள அவ்விடத்தில் குழந்தைகள் விளையாட லைசே என்ற சிறு ஏரியும் இருப்பதால், முழுக் குடும்பத்துக்கும் அதுவே பொருத்தமானது என்பது என் எண்ணம். அங்கே எவ்விதச் சிரமமும் இல்லையென்றால் கோர்னர்கிராட் ரயிலில் சென்று ஓரிரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம். புறப்படுவதற்கு முந்தைய வாரம் வீட்டில் தினமும் இரத்த அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். உயரத்தில் அது மேலும் சற்று ஏறக்கூடும் என்பதால், 160/100க்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்து மருந்தைச் சரிசெய்த பின்னரே மேலே செல்ல வேண்டும். நெஞ்சுவலி, மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்த வரலாறு ஏதேனும் இருந்து நீங்கள் எழுத விட்டுப்போயிருந்தால், இதய மருத்துவரின் ஒப்புதல் கட்டாயம் தேவை. விடுமுறை என்பதற்காக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

அவர் எடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது சிறுநீரை அதிகப்படுத்தும் மருந்து. உயரத்தின் உலர்ந்த காற்றில் மூச்சின் வழியாகவும் நீர் வெளியேறுவதால், போதிய தண்ணீர் குடிக்காதவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழக்கூடும். அம்மருந்து தோலை வெயிலுக்கு எளிதில் பாதிப்படையவும் செய்யும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர்கள் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகின்றன. புதிதாகப் பெய்த பனி அவற்றில் 80 சதவீதம் வரை திருப்பி வீசும். யாழ்ப்பாணத்து வெயிலையே பார்த்த நமக்கு இது என்ன என்று அவர் சொல்லக்கூடும். கருமையான தோல் ஓரளவு காக்கும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. கண்ணாடி அணியாமல் பனிப்பரப்பில் நின்றவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் வலித்து நீர் கொட்டும். ஆகவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கவாட்டிலும் மறைக்கும் குளிர்கண்ணாடி அனைவருக்கும், குழந்தைகளுக்கும், வேண்டும்.

முழங்கால் வலிக்காரர்களுக்குப் பலர் சொல்வது, மேலே ரயிலில் சென்று கீழே நடந்து வாருங்கள் என்பதுதான். இதில் எனக்கு உடன்பாடில்லை. இறக்கத்தில்தான் மூட்டின் மீது சுமை அதிகம். தந்தையார் விரும்பினால் சிறு தொலைவு மேல்நோக்கி நடந்துவிட்டு, இறங்குவதற்கு ரயிலையோ கேபிள் காரையோ பயன்படுத்தட்டும். கையில் ஊன்றுகோல் இருப்பது நல்லது.

மகளுக்கு வழக்கமாகத் தரும் தடுப்பு இன்ஹேலரைத் தொடருங்கள். உடனடி நிவாரணத்துக்கான சால்பூட்டமால் இன்ஹேலரும், அதனுடன் பொருத்தும் குழாயான ஸ்பேசரும் விடுதி அறையில் அல்லாமல் உங்கள் கைப்பையிலேயே இருக்க வேண்டும். குளிரில் மருந்து சரியாகப் பீய்ச்சாது என்பதால் சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடினால் காற்று சற்றுச் சூடாகி உள்ளே போகும். வீசிங் இருக்கும் நாளில் மேலே செல்ல வேண்டாம். ஊரைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு சாதகமும் உண்டு: இந்த உயரத்தின் உலர்ந்த காற்றில், ஆஸ்துமாவைத் தூண்டும் தூசிப்பூச்சிகள் குறைவு.

11 மாதக் குழந்தையை கிளைன் மேட்டர்ஹார்னுக்குக் கொண்டு செல்ல வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன், கோர்னர்கிராட்டும் தேவையில்லை. தலை வலிக்கிறது என்று அவனால் சொல்ல முடியாது; சிணுங்குவது, பால் குடிக்க மறுப்பது, வாந்தி எடுப்பது ஆகியவை உயரத்தாலா வேறு காரணத்தாலா என்று பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம். அத்தகைய அறிகுறி கண்டால் காரணம் தேடாமல் உடனே கீழே இறங்குங்கள். சுன்னெகா போகும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதுகில் சுமக்கும் தொட்டிலில் குழந்தை அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நடக்கும் உங்களுக்கு வியர்க்கும்; அவனுக்கோ குளிரும், தொடையில் பட்டை இறுகிக் காலில் இரத்த ஓட்டமும் குறையும். அரை மணிக்கு ஒருமுறை இறக்கி, காலுறையைக் கழற்றிப் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தின் பின்புறமும் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும்போது காது அடைத்து அழாமலிருக்கப் பால் கொடுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைய பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கோடையில் பிற்பகலில் இடியுடன் மழை வருவது வழக்கம் என்பதால் மேலே செல்வதைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள். ஜூலையிலும் உச்சியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். கம்பளி உடை அவசியம். ஓய்ந்த பின்னும் நீங்காத மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நடை தள்ளாட்டம், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது தோன்றினாலும் 144 என்ற ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். மலைப்பகுதிக்கு ஹெலிகாப்டரை அனுப்புவதும் அங்கே அவ்வெண் வழியாகவே நடக்கிறது. அந்தச் செலவு பெரியது. தந்தையார் விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீட்டில் மலை மீட்பும், ஏற்கெனவே உள்ள இரத்த அழுத்தத்தால் வரும் சிக்கல்களும் அடங்குமா என்று அவர் விமானம் ஏறும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.