‘கர்ப்’ என்றால் தடையா, கட்டுப்பாடா?

அரசு அலுவலகம் ஒன்றில் செய்திக்குறிப்புகளை மொழிபெயர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கனரக வாகனங்கள் நகருக்குள் நுழைவது பற்றிய ஆங்கிலக் குறிப்பில் ‘கர்ப்ஸ்’ என்று இருந்ததை ‘தடை’ என்று எழுதினேன். மேலதிகாரி அதை அடித்துவிட்டார். என் பிழை என்ன? சாலையோரக் கல்லைக் குறிக்கும் ‘கர்ப்’ வேறு சொல்லா?”

மேலதிகாரி திருத்தியது சரியே. ‘கர்ப்’ என்னும் வினைச்சொல், ஓடுகிற ஒன்றை ஓடவிட்டுக்கொண்டே அடக்குவதைக் குறிக்கிறது. அடியோடு நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் ‘பேன்’ என்ற சொல் தனியாக இருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் குதிரைதான். வளைத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல், 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் குதிரையின் கீழ்த்தாடைக்கு அடியில் செல்லும் பட்டையை அல்லது சங்கிலியைக் குறித்தது. கடிவாளத்தின் இருபுறமும் தொங்கும் நீண்ட கம்பிகள் நெம்புகோல்போல வேலை செய்வதால், ஏறியிருப்பவர் வாரை லேசாக இழுத்தாலே அந்தச் சங்கிலி தாடையில் இறுகி, வாய்க்குள் இருக்கும் இரும்பு அழுந்த, குதிரை கழுத்தை வளைத்து வேகத்தைக் குறைக்கும். பிடி தளர்ந்ததும் மீண்டும் வேகமெடுக்கும். பணவீக்கம், கோபம், செலவு ஆகியவற்றோடு இன்று இச்சொல் சேர்ந்து வருவது இந்தப் பொருளில்தான். ‘விலைவாசிக்குக் கடிவாளம்’ என்று நாம் எழுதுவதும் அதே குதிரையை மனத்தில் வைத்துத்தான் என்பதால், இதைவிடப் பொருத்தமான தமிழ் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

சாலையோரக் கல்லும் இதே சொல்தான். கிணற்றைச் சுற்றிய விளிம்புக் கட்டுக்கு வழங்கிய பெயர், பின்னர் நடைபாதையின் ஓரக் கல்லுக்கும் வந்தது. பிரிட்டிஷ் வழக்கில் கல்லை மட்டும் ‘கே’ எழுத்தில் தொடங்கி, ‘யு’ வரும் இடத்தில் ‘இ’ இட்டு எழுதுவார்கள். அமெரிக்கர்கள் இரண்டையும் ‘சி’ எழுத்தில்தான் தொடங்குகிறார்கள். வினைச்சொல்லுக்கோ எங்கும் ‘சி’ மட்டுமே.

‘கர்ட்டெய்ல்’ என்ற சொல்லையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் வால் நறுக்கப்பட்ட குதிரையைக் குறித்த பெயரிலிருந்து பிறந்ததுதான் என்றாலும், அதன் பொருள் இருப்பதில் ஒரு பகுதியை வெட்டிக் குறைப்பது. பயணத் திட்டத்தை அல்லது அதிகாரத்தைக் குறைப்பதற்கு அது பொருந்தும். ஒருவரை ஒரு செயலைச் செய்யவிடாமல் தடுத்ததைச் சொல்ல இவ்விரண்டுமே உதவாது. அங்கே ‘ரிஸ்ட்ரெய்ன்’ வர வேண்டும்.

உங்கள் குறிப்பை ‘கனரக வாகனங்கள் நகருக்குள் நுழையக் கட்டுப்பாடு’ என்று மாற்றி, எந்த நேரத்தில், எந்தச் சாலையில் என்பதை அடுத்த வரியிலேயே எழுதுங்கள். ‘தடை’ என்று மட்டும் படிக்கும் லாரி ஓட்டுநர், அனுமதிக்கப்பட்ட நேரத்திலும் ஊருக்கு வெளியே காத்துக் கிடப்பார்.